ஏழு நாள் தெளிவான வானம்

மகன்,

ஞாயித்துக்கிழமை நீ கொழும்புல இருந்து போன் எடுத்து அவ்வளவு சந்தோஷமா பேசினப்போ, நான் "ம், ம்"ன்னு மட்டும் சொல்லிக்கிட்டு இருந்தது உனக்கு ஒரு மாதிரியா இருந்திருக்கும். அப்பாவுக்கு வயசாயிருச்சி, காது மந்தமாயிருச்சின்னு நெனச்சிருப்பே. காது நல்லாத்தான் கேக்குது. நீ சொன்ன ஒவ்வொரு சொல்லும் கேட்டிச்சி. நுவரெலியா டவுன்லயும் சுத்தியிருக்கிற தோட்டங்கள்லயும் வசந்த காலத்துல நாளுக்கு நாள் வானம் எப்படி இருந்திச்சி, எவ்வளவு மழை பெஞ்சிச்சின்னு பழைய வருஷங்களையெல்லாம் உங்க ஆபிசுல சேத்து முடிச்சிட்டீங்க. ஹோட்டல்காரங்களுக்காக ஆரம்பிச்ச வேலையை, இப்போ தோட்டத்து ஆளுங்க குடியிருக்கிற லயங்கள்ல எந்தெந்த லயத்தை இடம் மாத்தணும்னு முடிவு பண்ற அதிகாரிங்களும் கேட்டிருக்காங்க. மாசக் கடைசியில குடுக்கணும். அதுல நம்ம தோட்டத்து மேட்டு லயத்துக்கு ஆபத்து இல்லைன்னு வந்திருக்குன்னு சொன்னே. "அங்க ஒரே ஒரு தடவதான் மண் சரிஞ்சிருக்குப்பா, அதுவும் மழையே இல்லாத கிழமையில. ஆளுங்க மண்ண வெட்டினதால வந்தது. உங்க மழைப் புத்தகம் இல்லாட்டி இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது"ன்னே. போனை வச்சதுக்கப்புறம் உங்கம்மா "என்னவாம்"ன்னு கேட்டா. வேலை நல்லா முடிஞ்சிருச்சாம்ன்னு மட்டும் சொன்னேன்.

அந்தப் புத்தகம் பொய் சொல்லுது மகன். முழுப் புத்தகமும் இல்ல, நீ சொன்ன அந்த ஒரு கிழமை மட்டும். ஏழு நாள், ஏழு வரி. அதை எழுதினவன் நான். மழை பெஞ்சிச்சி. பெஞ்சது மட்டுமில்ல, அந்த மழையாலதான் மண் எறங்கிச்சி, ஒரு பொம்பள செத்தா. இப்போ அதே ஏழு வரிய நம்பி இருபத்திரண்டு குடும்பத்தை அதே மலைக்கு அடியில விட்டுட்டுப் போகப் போறீங்க. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உனக்கு மட்டும் எழுதினா நீயும் நானும் உள்ளுக்குள்ள பேசி மூடிருவோம்ன்னு எனக்கு நம்மைப் பத்தியே ஒரு பயம் இருக்கு. அதனால மூணு பிரதி எழுதுறேன். ஒண்ணு உனக்கு. ஒண்ணு அந்த அதிகாரிங்களுக்கு. இன்னொண்ணை வர்ற ஞாயித்துக்கிழமை மேட்டு லயத்துக் கோயில் வாசல்ல நானே வாசிக்கப் போறேன். அவங்க என்னை அடிச்சாலும் சரி.

உனக்குச் சில விஷயம் தெரியாது. தெரியாம வளத்ததும் நான்தான். நான் அந்த மேட்டு லயத்துல கடைசிக் காம்பராவுல, ஒத்த ரூம் வீட்டுல பொறந்தவன். அப்பா, அம்மா ரெண்டு பேரும் மலையில வேலை. லயத்துல பொறந்து ஆபிசுக் கதிரையில உக்காந்த மொத ஆள் நான்தான்னு தோட்டமே சொல்லும். சின்னக் கிளாக்கர்ன்னு ஒரு பேரு, குடியிருக்க ஒரு கோட்டஸ், காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் போய் நிக்க வேண்டியதில்ல. அதுல எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்ல. மழைப் புத்தகம் என் பொறுப்பு. ஆபிசுக்கு முன்னால ரோசாப் பாத்திக்குப் பக்கத்துல புல்லுல புதைச்ச செம்புக் கொழாய் ஒண்ணு இருக்கும், அதுக்கு மேல புனல், உள்ளுக்கு ஒரு டப்பா. தெனம் காலையில டப்பாவைத் தூக்கி அளவுக் கிளாசுல ஊத்தி, எத்தனை மில்லிமீட்டர்னு பாத்து, தண்ணிய வெளிய கொட்டிட்டுப் புத்தகத்துல எழுதணும். பக்கத்துல வானம்ன்னு ஒரு கட்டம். தெளிவு, மேகம், மூட்டம், தூறல், மழை, இந்த அஞ்சுல ஒண்ணு. கடைசிக் கட்டத்துல எழுதினவன் கையெழுத்து. வெள்ளைக்காரன் காலத்துல இருந்து வர்ற பழக்கம். உரம் எப்ப போடணும், தேயிலையக் கவ்வாத்து எப்ப வெட்டணும்னு தோட்டத்தை நடத்துற துரை அதைப் பாத்துத்தான் சொல்வாரு. நான் லீவுல போனா பெரிய கிளாக்கர்கிட்ட சொல்லி, பாக்டரி வாட்ச்சர்கிட்ட ஒப்படைச்சிட்டுப் போகணும். வாட்ச்சர் அளந்து வைப்பாரு, நான் வந்து எழுதுவேன், இன்னார் அளந்ததுன்னு குறிப்பும் போடுவேன். நல்லாத்தான் எழுதினேன். பதினோரு வருஷம் ஒரு நாள் பொய் எழுதினதில்ல. அதைச் சொல்லி என்ன பிரயோசனம், நீ ஆதாரமா எடுத்தது பன்னிரண்டாவது வருஷத்தைத்தானே.

உங்க அறிக்கையில வசந்த காலம்ன்னு அழகாப் போட்டிருக்கீங்க. நமக்கு ஏதுடா வசந்தம். டவுனுக்கு அது சீசன், தோட்டத்துக்கு அது சித்திரை. டவுன்ல பூக் கண்காட்சி, குதிரை ரேஸ், ஏரியில படகு, கொழும்புல இருந்து கார் காரா வந்து எறங்குவாங்க. தோட்டத்துல பின்னேரமானா இடி, அட்டைக்கடி, கொழுந்து மளமளன்னு வந்து நிக்கும், ஆளுங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. எனக்கு அந்த சீசன்ல ஒரு பைத்தியம் இருந்திச்சி. குடி, சீட்டுன்னு நெனைக்காதே, அதுவா இருந்தாக்கூட சொல்ல வெக்கம் கொஞ்சம் கம்மியா இருந்திருக்கும். நான் ஒரு பழைய கோட்டும் நீளக் காற்சட்டையும் வாங்கி வச்சிருந்தேன். அதைப் போட்டுக்கிட்டு ஏரிக்கரையில கொழும்புக்காரன் மாதிரி நடப்பேன். அவ்வளவுதான். கடைவீதியில புடவைக் கடை வச்சிருந்தவங்க வீட்டுப் பையன் என்னோட ஸ்கூல்ல படிச்சவன். அவங்களும் இந்தியாவுல இருந்து வந்த நம்மாளுங்கதான், ஆனா கொழுந்துக் கூடை தூக்கினவங்க இல்ல. அந்தக் கடைக்குப் பின்னால ஒரு ரூம் இருக்கும், அதுல படுத்துக்குவேன். ஒரு தடவ பூங்கா வாசல்ல ஒரு பெரியவர் சிங்களத்துல, "மாத்தயா கொழும்புலயா"ன்னு கேட்டாரு. "ஆமா, லீவுக்கு வந்தேன்"ன்னு நானும் சிங்களத்துல சொன்னேன். ஐயான்னு கூப்பிட்ட அந்த 'மாத்தயா'ங்கிற ஒரு வார்த்தையை அந்த வருஷம் பூரா நெஞ்சுல வச்சிக்கிட்டுத் திரிஞ்சேன். ஆபிசு வேலையா டவுனுக்குப் போறேன்னு உங்கம்மாகிட்ட சொல்லுவேன். அவளுக்குத் தெரியும். அந்தக் கோட்டை இஸ்திரி போட்டுக் குடுத்ததே அவதான்.

அந்த வருஷம் உனக்கு ஆறு வயசு. புத்தாண்டு லீவுக்கு துரை கொழும்புக்குப் போயிட்டாரு, பெரிய கிளாக்கர் அவரு ஊருக்குப் போயிட்டாரு. ஆபிசுக்கு நான்தான் பொறுப்பு. கேக்க ஆள் இல்லன்னதும் எனக்குக் கால் நிக்கல. சனிக்கிழமை விடியக்காலையில மொத பஸ்சுல ஏறிட்டேன். வாட்ச்சர்கிட்ட சொல்லல, சொன்னா நான் பொறுப்பை விட்டுட்டுப் போனது வெளிய வரும். திரும்பி வந்து ஒரு குத்துமதிப்பா எழுதிக்கலாம்ன்னு நெனச்சேன். ஒரு நாள்ன்னு போனவன் ஒரு கிழமை நின்னேன். டவுன்ல அந்தக் கிழமை நல்ல வெயில். பின்னேரத்துல மலையுச்சி கொஞ்சம் கறுக்கும், பிறகு கலைஞ்சிரும். மலைக்கு இந்தப் பக்கம் காயிறப்போ நம்ம தோட்டம் இருக்கிற உடப்புசல்லாவைப் பக்கம் கொட்டும், அங்க காயிறப்போ இங்க கொட்டும். மலைநாட்டுல பொறந்த எவனுக்கும் தெரிஞ்ச விஷயம். எனக்கும் தெரியும். ஆனா தலைக்கு மேல வெயில் அடிக்கிறப்போ அதை யாரு நெனைக்கிறா.

வெள்ளிக்கிழமை காலையில மரக்கறி லொறிக்காரன் ஒருத்தன் கடை வாசல்ல நின்னு பேசிக்கிட்டு இருந்தான். "அந்தப் பக்கம் ஒரு தோட்டத்துல லயத்து மேல மண் எறங்கிருச்சாம், மூணு காம்பரா போயிருச்சாம், ஒரு பொம்பள உள்ளயாம்"ன்னான். தோட்டத்துப் பேரைச் சொன்னான். கோட்டோடயே அந்த லொறியில ஏறினேன். கந்தப்பளை தாண்டினதும் ரோட்டுல செவப்புத் தண்ணி ஓடுது. அப்பதான் பயம் புடிச்சிச்சி. மண் எறங்கினதுக்குப் பயந்தேனா, என் வேலைக்குப் பயந்தேனான்னு நீ கேக்கலாம். நான் என்ன செஞ்சேன்னு சொல்றேன், நீயே முடிவு பண்ணிக்கோ. லொறியை விட்டு எறங்கினவன் வீட்டுக்குப் போகல. நீயும் உங்கம்மாவும் உசுரோட இருக்கீங்களான்னு பாக்கப் போகல. லயத்துக்கும் போகல. ஆபிசுக்குப் போனேன்.

டப்பா ததும்பி வழிஞ்சி, கொழாய்க்குள்ள எல்லாம் தண்ணி. ஏழு நாள் மழை அது. அளக்க வேண்டிய எண் எப்பவோ வழிஞ்சி புல்லுல போயிருச்சி. மழைன்னு எழுதினா எத்தனைன்னு எழுதணும். ஏழு நாளைக்கு ஏழு எண் வேணும், ஒவ்வொண்ணும் மத்ததோட பொருந்தணும். பொருந்தாட்டி நான் இல்லாதது தெரிஞ்சிரும். வேலை போயிரும், கோட்டஸ் போயிரும், மறுபடி அந்தக் கடைசிக் காம்பரா. பூச்சியம்ன்னு எழுதினா ஒரே எண், ஒரே சொல். டவுன்ல நான் பாத்த வானமும் அதுதானேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். டப்பாத் தண்ணிய ரோசாப் பாத்தியில கொட்டிட்டு, உக்காந்து, ஏழு வரி எழுதினேன். பூச்சியம், தெளிவு, கையெழுத்து. பூச்சியம், தெளிவு, கையெழுத்து. நீ போட்டோ எடுத்த பக்கத்துல பாரு, எழுத்து எவ்வளவு அழகா இருக்குன்னு.

செத்தது செல்லம்மா. முத்தையாவோட சம்சாரம். முத்தையா எனக்கு அடுத்த காம்பராவுல பொறந்தவன், ஒரே பீலித் தண்ணியில குளிச்சி, ஒரே ஸ்கூலுக்கு நடந்து போனவங்க நாங்க. அஞ்சாம் வகுப்போட அவன் மலைக்குப் போயிட்டான், நான் படிச்சேன். எல்லாரையும் போல அவனும் காம்பராவுக்குப் பின்னால மலைச்சரிவைக் கொஞ்சம் வெட்டி, லீக்சும் கரட்டும் போட்டிருந்தான். செல்லம்மா விடியக்காலையில அடுப்புப் பத்த வைக்கப் பின்பக்கம் போனா, அப்படியே மூடிருச்சி. லயத்துக்கு மேல தேயிலைக்குள்ள மழைத்தண்ணி வடிய வெட்டின கான் மண்ணடைச்சி மாசக் கணக்காச்சி. அதைத் தோண்டச் சொல்லி ஆளுங்க குடுத்த கடிதம் ஆபிசுலதான் இருந்திச்சி. பைல் பண்ணினதும் நான்தான். மழை பெஞ்சி கான் ஒடைச்சி மண் எறங்கிச்சின்னா அது தோட்டத்து மேல. மழையே இல்லைன்னா, அது முத்தையாவோட லீக்ஸ் பாத்தி மேல.

துரை கொழும்புல இருந்து திரும்பினதுக்கப்புறம் விசாரணை ஆபிசு வராந்தாவுல நடந்திச்சி. துரையும், வெளியில இருந்து வந்த ரெண்டு பேரும் கதிரையில. துரை என்னைப் பாத்து, "கிளாக்கர், மழை எப்படி"ன்னாரு. நான் புத்தகத்தை விரிச்சி வச்சேன். அவரு பாத்தாரு, மத்த ரெண்டு பேருக்கும் காட்டினாரு. அவரு மொகத்துல வந்த நிம்மதியை நான் இன்னும் மறக்கல. லயத்து ஆளுங்க முற்றத்துல நின்னு மழைதான், மழைதான்னு சத்தம் போட்டாங்க. அவங்களுக்குள்ள இருந்து உங்கம்மா உன் கையைப் புடிச்சிக்கிட்டுப் படி ஏறி வந்தா. கிளாக்கர் சம்சாரம் சொன்னா எடுபடும்ன்னு அவங்கதான் அனுப்பியிருக்காங்க.

"ஐயா, சனிக்கிழமை பின்னேரம் புடிச்ச மழை, வெள்ளிக்கிழமை வரைக்கும் விடலங்க. சத்தம் கேட்டு இந்தப் புள்ளையத் தூக்கிக்கிட்டு லயத்துக்கு ஓடினேன். ரெண்டு பேரும் தெப்பமா நனைஞ்சிட்டோம். பாருங்க, இன்னும் இருமுறான்"ன்னா.

துரை என்னைத் திரும்பிப் பாத்தாரு. உங்கம்மாவும் பாத்தா. நான் எங்க இருந்து வந்தேன், எப்ப வந்தேன்னு அவளுக்குத் தெரியும். அதை அவ சொல்லல. நான் சொல்லட்டும்ன்னு எனக்கு எடம் விட்டுக் குடுத்தா. நான் என்ன சொன்னேன் தெரியுமா. "பயந்து போயிருக்கா சேர். இந்தப் பொம்பளைங்களுக்கு நாள் கணக்கு எங்க தெரியப் போகுது"ன்னேன். வெளியில இருந்து வந்தவங்கள்ல ஒருத்தரு லேசா சிரிச்சாரு. உங்கம்மா உன்னைக் கூட்டிக்கிட்டுப் படி எறங்கிப் போயிட்டா. நீ ஒரு மாசம் நெஞ்சு சளியில கெடந்தே. நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தடவ தூக்கிக்கிட்டுப் போனோம். உங்க அறிக்கையில மழையே இல்லாத கிழமைன்னு எழுதியிருக்கியே, அந்த மழையில நனைஞ்சவன்டா நீ.

முத்தையா பேரை வேலையாளுங்க செக்ரோல்ல இருந்து வெட்டிட்டாங்க. லயத்துல யாரும் இனி மலைச்சரிவுல தோட்டம் போடக் கூடாதுன்னு உத்தரவு வந்திச்சி. கொஞ்ச நாள் அவனுக்காக அழுத ஆளுங்களே பிறகு, இவனாலதானே நம்ம பாத்தியும் போச்சின்னு பேச ஆரம்பிச்சாங்க. மகளைக் கூட்டிக்கிட்டு அவன் போயிட்டான். ஆறேழு வருஷம் கழிச்சி ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு றொசல்ல ஸ்டேசன்ல ரயிலுக்கு நிக்கிறேன், பக்கத்துல வந்து நின்னது அவன்தான். "கிளாக்கர் ஐயா, சொகமா இருக்கீங்களா"ன்னான். ஒண்ணாக் குளிச்சவன் என்னை ஐயாங்கிறான். அங்க ஒரு கடையில மூட்டை தூக்குறதா சொன்னான். பிறகு, "ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்ன்னு இருந்தேங்க. அன்னைக்கு மழை பெஞ்ச மாதிரிதான் எனக்கு ஞாபகம். காதுக்குள்ள அந்தச் சத்தம் இன்னும் கேக்குது. ஆனா நீங்க எழுதி வச்சிருக்கீங்கன்னா அது சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் புத்தி பேதலிச்சிருச்சி போல. அப்பன்னா என் மம்பட்டிதாங்க அவளைக் கொன்னிருக்கு"ன்னான்.

ஒரு சொல் போதும் மகன். "மழைதான்டா"ன்னு ஒரு சொல். அங்க துரை இல்ல, விசாரணை இல்ல, அவனும் நானும் ரயிலும்தான். நான் அவனுக்கு ஒரு பிளேன்டியும் பணிசும் வாங்கிக் குடுத்தேன். ரயில் வந்திச்சி, ஏறிட்டேன். போன வருஷம் அவன் செத்துப் போயிட்டான். மகள் சொல்லி அனுப்பினா, நான் போனேன். அப்பா சாகுற வரைக்கும் மம்பட்டியைத் தொடவே இல்ல, வாசல்ல ஒரு மொளகாச் செடி வைக்கக்கூட விடலன்னு அந்தப் புள்ள சொல்லிச்சி. ஏன்னு அவளுக்குத் தெரியாதாம். எனக்குத் தெரியும், அங்கயும் நான் வாயத் தொறக்கல. காப்பி குடுத்தாங்க, குடிச்சிட்டு வந்தேன்.

உங்கம்மா என்னோட சண்டை போட்டதில்ல. உனக்கே தெரியும், நம்ம வீட்டுல சத்தம் கேட்டதில்ல. பதிலுக்கு அவ ஒண்ணு செஞ்சா. அன்னையில இருந்து மழை வந்தா மழைன்னு எனக்குச் சொல்றதில்ல. நான் சன்னல் பக்கம் பாத்து "மழையா"ன்னு கேட்டா, "புத்தகத்தப் பாத்துச் சொல்லுங்க"ம்பா. கொடியில என் சட்டையும் அவ சேலையும் காயும், மழை வந்தா அவ சேலை உள்ள வந்துரும், என் சட்டை நனைஞ்சி தொங்கும். நீ சின்னப் புள்ளையில அதைப் பாத்துச் சிரிப்பே, அம்மாவும் அப்பாவும் வெளையாடுறாங்கன்னு. நானும் சேந்து சிரிப்பேன். ஒனக்கு முன்னால வேற என்ன செய்ய. ஓய்வு வாங்கி இந்தக் கந்தப்பளை வீட்டுக்கு வந்து எத்தனையோ வருஷமாச்சி, இன்னைக்கும் என் சட்டை அப்படியேதான் தொங்குது.

தை மாசம் நீ வந்தப்போ நடந்ததை யோசிச்சிப் பாரு. கூட வேலை செய்ற ஒருத்தரையும் கூட்டிக்கிட்டு வந்தே. தோட்டத்து ஆபிசுல தூக்கிப் போட இருந்த புத்தகங்களை நான் கேட்டு வாங்கி வச்சிருந்ததைப் பாத்துட்டு, "எங்கப்பா பொக்கிஷம் சேத்து வச்சிருக்காரு"ன்னு அவர்கிட்ட சொன்னே. நான் ஏன் சேத்து வச்சேன்னு கேட்டியா. வேற எவன் கையிலயும் போகக் கூடாதுன்னுதான். எரிக்கவும் மனசு வரல, என் எழுத்தாச்சே. பக்கம் பக்கமா நீ போட்டோ எடுக்குறப்போ உங்கம்மா சமையலறைக் கதவுல வந்து நின்னா. "மகன், நீ ஆறு வயசா இருந்த வருஷத்துச் சித்திரைய மட்டும் நம்பாத. அதுல மழை பெஞ்சிச்சி"ன்னா. நீ தலையக்கூட நிமித்தல. "அம்மா, ஞாபகம் வேற, ரெக்கோட்ஸ் வேற"ன்னே. கூட வந்தவரு லேசா சிரிச்சாரு. உங்கம்மா என்னைப் பாத்தா. ரெண்டாவது தடவையும் எனக்கு எடம் விட்டா. நான் "தேத்தண்ணி ஆறிருது, குடிங்க"ன்னேன்.

உன்னை ஏசுறதுக்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கு. ஆனா ஏசாம இருக்கவும் முடியல. படிக்க வச்சது, நம்ம சனத்துக்கு ஒரு ஆள் உள்ள இருக்கணும்ன்னுதான். நீ உள்ள போயி மேட்டு லயத்தை "சைட்"ங்கிறே. அங்க இருக்கிறவங்களை "குடியிருப்பாளர்"ங்கிறே. இங்க இருந்து மேட்டு லயத்துக்குப் போய் ஒரு கிழவியைக் கூப்பிட்டு, அன்னைக்கு மழையாம்மான்னு கேக்க உனக்கு நேரம் இல்ல. பக்கத்துத் தோட்டத்துப் புத்தகம் அந்த வருஷத்துக்குக் கெடைக்கலன்னு சொன்னே. கெடைக்காட்டி என்ன, ஆளுங்க இருக்காங்களே. இனிமே எங்க போய் எந்தப் புத்தகத்தைத் தொறந்தாலும், எண்ணைப் பாக்குறதுக்கு முன்னால, எழுதினவன் அன்னைக்கு எங்க நின்னான், அவனுக்கு என்ன பயம்ன்னு கேளு. ஏழு நாள் சேந்தாப்ல ஒரே எண், ஒரே சொல், ஒரே பேனா மசின்னா அதைச் சந்தேகப்படு. இதை உங்க படிப்புல சொல்லிக் குடுத்திருப்பாங்க. அப்பா எழுத்துன்னதும் நீ கேக்காம விட்டுட்டே. அதுதான் எனக்குப் பெரிய வலி. உலகத்துல ஒரு ஆள் என்னை முழுசா நம்பினான், அவனையும் நான் பொய்யனாக்கிட்டேன்.

உனக்கு என்ன கஷ்டம்ன்னு தெரியும். அறிக்கை முடிஞ்சிருச்சி, மேலதிகாரி பாத்துட்டாரு, இப்போ போய் எங்கப்பா பொய் எழுதினாருன்னு சொன்னா உன் பேரு என்னாகும்ன்னு யோசிப்பே. வேலைக்கு ஆபத்துன்னு யோசிப்பே. யோசி. நானும் ஒரு வெள்ளிக்கிழமை அதையேதான் யோசிச்சேன். ஒரு கிழவன் எழுதின கடிதத்தை அதிகாரிங்க மூலையில போட்டுட்டு, அச்சடிச்ச அறிக்கையைத்தான் எடுப்பாங்க. அதுல மாத்தி எழுத உன் கைதான் வேணும். மேல அந்தக் கான் இன்னும் அடைச்சித்தான் கெடக்குதாம், மேட்டு லயத்துல இருந்து சந்தைக்கு வந்த பொடிச்சி ஒருத்தி போன கிழமை சொன்னா. அடுத்த சித்திரைக்கு முன்னால அவங்க அங்க இருந்து எறங்கணும். எறங்காட்டி, அந்த மண்ணுல உன் பங்கும் இருக்கும்.

இது டேட்டா இல்ல, ஒரு பொம்பளையோட ஞாபகம்ன்னு உங்க ஆபிசுல சொல்லுவாங்க. சொல்லட்டும். நேத்துப் பின்னேரம் நான் பேனாவும் கடதாசியும் எடுத்துக்கிட்டு உங்கம்மாவுக்குப் பக்கத்துல போய் உக்காந்தேன். அவ போஞ்சிக்காய் நறுக்கிக்கிட்டு இருந்தா. "அந்தக் கிழமையைச் சொல்லு, எழுதிக்கிறேன்"ன்னேன். "இப்பதான் கேக்கணும்ன்னு தோணிச்சாக்கும்"ன்னா. பிறகு கைவேலையை நிறுத்தாமலே சொன்னா, ஒரு நாளுக்குக்கூட யோசிக்கல. அவ சொன்னதை அவ சொன்னபடியே கீழ எழுதுறேன்.

சனி: காலையில தெளிவு. பின்னேரம் மூணு மணிக்கு இடி, பிறகு மழை.

ஞாயிறு: பகல் மழை. கொடியில போட்டது ஒண்ணும் காயல.

திங்கள்: நாள் பூரா மழை. பீலித் தண்ணி செவப்பா வந்திச்சி, குடிக்க எடுக்கல.

செவ்வாய்: காலையில மூட்டம், பிறகு மழை. செல்லம்மா கோட்டசுக்கு வந்தா. கான் அடைச்சி தண்ணி லயத்துப் பக்கம் திரும்புது, ஐயாகிட்ட சொல்லுங்கன்னு சொன்னா. ஐயா இல்லைன்னு அனுப்பிட்டேன்.

புதன்: மழை. வெறகு நனைஞ்சி அடுப்புப் பத்தல.

வியாழன்: பகலும் ராத்திரியும் மழை. புள்ளைக்கு இருமல் ஆரம்பம்.

வெள்ளி: மழை. விடியக்காலையில மண் எறங்கிச்சி.

செவ்வாய்க்கிழமை விஷயத்தை நான் இத்தனை வருஷத்துல நேத்துத்தான் கேக்குறேன். பேனா அந்த வரியில நின்னுருச்சி. அவ கவனிச்ச மாதிரியே காட்டிக்கல, "எழுதுங்க, புதன்"ன்னா. எழுதி முடிச்சி முழுசா வாசிச்சிக் காட்டினேன். சரிதான்னு தலையை ஆட்டினா. "வேற ஏதாவது போடணுமா"ன்னு கேட்டேன்.

"கடைசியில கையெழுத்துக் கட்டம்ன்னு ஒண்ணு இருக்குமே"ன்னா.

"ஆமா, இருக்கும்."

"அதுல ஏழு நாளும் ஆள் இல்லன்னு போடுங்க."

போட்டுட்டேன் மகன்.

அப்பா
கந்தப்பளை